கழல மறுத்த சுரை

யாழ்ப்பாண நகரத்தை அடுத்துள்ள ஒரு சிறு கராஜில் அண்மையிலே ஒரு முற்பகலைக் கழிக்க நேர்ந்தது. ஓய்வுபெற்ற ஆசிரியரான நண்பரொருவரின் மொரிஸ் மைனர் கார், சிறிது தூரம் ஒழுங்காக ஓடுவதும் பின்னர் விக்கித் தயங்கி நின்றுவிடுவதுமாக அவரை அலைக்கழித்துக்கொண்டிருந்தது. எழுபது வயதைத் தாண்டிய மெக்கானிக் மூடியைத் திறந்து, சாவியைத் திருப்பச் சொல்லி, ஒரு நிமிடம் காதுகொடுத்துக் கேட்டார். பின்பு தலையை நிமிர்த்தினார்.

“பில்டர் அடைச்சுப்போச்சு, மாஸ்ரர். காத்தும் இழுக்குது. பில்டர் மாத்திறது பெரிய வேலையில்லை, கழட்டிறதுதான் வேலை.”

“ஒரு நட்டுத்தானே, அண்ணை?”

“ஒரு நட்டுத்தான். ஆனால் அதிலை எத்தினை பேர் கை வைச்சிருக்கினம் எண்டு பாருங்கோ.”

பார்த்தோம். எரிபொருட் குழாயின் நடுவே எவரோ ஒருவர் எப்போதோ பொருத்திய காகித வடிகட்டி ஒன்று கறுத்துப்போய் இருந்தது. அதனைக் குழாயோடு பிணைத்திருந்த நட், அதாவது சுரை, தன் ஆறு மூலைகளையும் இழந்து உருண்டையாகிவிட்டது. அதன் உடம்பிலே உளி பட்ட தழும்புகள். ஒரு பக்கத்திலே இடுக்கியின் பற்கள் பதிந்த தடங்கள். அளவு பொருந்தாத ஸ்பனர்களால் அதனைத் திருப்ப முயன்று தோற்றவர்களின் வரலாறு அங்கே பித்தளையிற் பொறிக்கப்பட்டிருந்தது.

அந்த மெக்கானிக் சொன்ன சொல் என் மனத்தை விட்டு அகலவில்லை. ஒரு சுரையில் எத்தனை பேர் கைவைத்திருக்கிறார்கள்? கராஜிலே கைவைத்தவர்கள் சிலரே. ஆனால், அந்தச் சுரையின் மரை ஏன் அப்படி வெட்டப்பட்டது, அதற்குரிய ஸ்பனர் ஏன் நம்மிடம் இல்லை, அதற்குப் பதிலாக வேறொன்று ஏன் கிடைக்கவில்லை என்று கேட்கத் தொடங்கினால், மான்செஸ்டரும் கொவென்ரியும் வாஷிங்டனும் கொழும்பும் அதிலே கைவைத்திருப்பது தெரியவரும். அந்தக் கைகளைச் சற்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலிலே பொருளின் இயல்பை விளங்கிக்கொள்வோம். மொரிஸ் மைனரின் பெற்றோல் தாங்கி வண்டியின் பின்புறத்தில் இருக்கின்றது. அங்கிருந்து ஒரு மெல்லிய குழாய் முன்புறம்வரை வருகின்றது. இயந்திர அறையிலுள்ள மின்பம்ப், வாயால் இளநீர் உறிஞ்சுவதுபோலப் பெற்றோலை உறிஞ்சிக் காபுரேற்றருக்கு அனுப்புகின்றது. பம்பின் அடியிலே ஒரு பித்தளை மூடி; அதனுள்ளே நுண்ணிய கம்பிவலையாலான வடிகட்டி. இந்த வலையைக் கழற்றி, கழுவி, மீண்டும் பொருத்த வேண்டும் என்பதே அதனைச் செய்தவர்களின் கருத்து. எறிந்துவிட்டுப் புதிது வாங்கும் காகித வடிகட்டி பின்னாளிலே பரவியது. வலையைவிட நுண்ணிய தூசியையும் அது தடுக்கும் என்பது உண்மையே. ஆயினும் கழுவிப் பயன்படுத்தும் பொருளின் இடத்தில் வாங்கிப் பயன்படுத்தும் பொருள் வந்தபோது, வண்டிக்காரன் நிரந்தர வாடிக்கையாளனாக மாறினான் என்பதும் உண்மை.

தாங்கிக்கும் பம்புக்கும் இடையிலுள்ள குழாய் உறிஞ்சும் பகுதியாதலால், அங்கே ஓர் இணைப்புப் பழுதடைந்தால் பெற்றோல் வெளியே சொட்டாமல் இருந்துவிடலாம். காற்றே உள்ளே நுழையும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால், காபுரேற்றர் நிரம்பியதும் அடங்க வேண்டிய பம்ப் “டிக் டிக்” என்று ஓயாது அடித்துக்கொண்டேயிருக்கும். அந்த முதியவர் காதாற் கேட்டது இதனைத்தான். எந்தப் பாடப்புத்தகத்தையும் திறவாமல் அவர் செய்த நோயறிதல், பௌதிகவியலின் செம்மையான பிரயோகமாகும்.

இனி மரைக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதிவரை ஒரு பட்டறையிலே செய்த சுரை இன்னொரு பட்டறையிலே செய்த திருகாணிக்குப் பொருந்தாது. ஒவ்வொரு தொழிலகமும் தனக்கெனத் தனி மரை வைத்திருந்தது. லண்டனில் ஹென்றி மோட்ஸ்லியின் பட்டறையிலே தொழில் பழகி, பின்னர் மான்செஸ்டரிலே சொந்தத் தொழிலகம் நிறுவிய ஜோசப் விற்வேர்த், பல தொழிலகங்களிலிருந்து திருகாணிகளைச் சேகரித்து அளந்து, அவற்றின் சராசரியைக் கண்டு, 1841ஆம் ஆண்டிலே ஒரு பொது மரை ஒழுங்கை முன்மொழிந்தார். மரையின் கோணம் 55 பாகை. ரயில்வேக்கள் இதனை ஏற்றுக்கொண்டன. பிரித்தானியப் பொறிகள் சென்ற நாடெங்கும் இந்த மரையும் சென்றது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். விற்வேர்த்தின் ஒழுங்கு அவர் தலையிலிருந்து மட்டும் பிறந்ததன்று. பெயர் தெரியாத நூற்றுக்கணக்கான தொழிலாளர் தத்தம் பட்டறைகளில் அனுபவத்தாற் கண்டுபிடித்த அளவுகளின் சராசரியே அது. அவர்களின் கூட்டறிவு ஒருவர் பெயரால் வழங்கலாயிற்று. அவ்வாறு பொறிகளும் அளவுகளும் ஒழுங்குபட்டதும், தேர்ந்த தொழிலாளிக்குப் பதிலாகத் தேர்ச்சியற்றவரைப் பொறியிலே நிறுத்தலாம் என முதலாளிமார் கண்டனர். 1851இல் இங்கிலாந்தின் பொறித்தொழிலாளர் தமது சங்கங்களை ஒன்றிணைத்தனர். 1852இன் தொடக்கத்திலேயே முதலாளிமார் கதவடைப்பு நடத்தினர். மேலதிக வேலையும் துண்டுவேலையும் பொறிகளில் தேர்ச்சியற்றோரை நிறுத்துவதும் அப்போராட்டத்தின் காரணங்களாயிருந்தன. அளவுகளை ஒழுங்குபடுத்துவது மனித குலத்துக்கு நன்மையே. ஆயின் அந்த ஒழுங்கு எவர் கையில் இருக்கின்றது என்பதே கேள்வி.

அமெரிக்க முதலாளித்துவம் பிரித்தானியாவின் மரையை ஏற்கவில்லை. பிலடெல்பியாவைச் சேர்ந்த வில்லியம் செல்லர்ஸ் 1864இலே 60 பாகைக் கோணமுடைய வேறொரு மரையை முன்மொழிந்தார். அதனை வெட்டுவது எளிது. சாதாரணத் தொழிலாளியே வெட்டலாம் என்பது அவரது வாதம். ஐரோப்பாவிலோ மெற்றிக் அளவுகள் வளர்ந்தன. 55 பாகைச் சுரையை 60 பாகைத் திருகாணியில் வலிந்து ஏற்றினால் அது செம்மையாகப் பொருந்தாது. பலவேளைகளில் மரை அரைபட்டுச் சிதையும். நண்பரின் காரிலே நிகழ்ந்ததும் இதுவே.

இக்குழப்பத்தின் உச்சத்தைக் காண விரும்புவோர் கொவென்ரிக்குச் செல்ல வேண்டும். முதலாம் உலக யுத்தத்தின்போது, ஜெர்மனியப் படைக்கு அஞ்சிய பிரெஞ்சு ஆயுத நிறுவனமான ஹொட்ச்கிஸ், இயந்திரத் துப்பாக்கி செய்யும் தொழிற்சாலையொன்றை அந்நகரில் நிறுவியது. அதன் பொறிகள் மெற்றிக் மரை வெட்டும் பொறிகள். யுத்தம் முடிந்தது, துப்பாக்கிக்கு வேலை இல்லை. எனவே அத்தொழிற்சாலை மொரிஸ் கார்களுக்கு இயந்திரங்கள் செய்யத் தொடங்கியது. 1923இலே மொரிஸ் நிறுவனம் அதனை வாங்கியது. பிரெஞ்சுப் பொறிகளை மாற்றுவது செலவு. ஆனால், ஆங்கிலேய மெக்கானிக்கின் கையில் இருப்பதோ விற்வேர்த் ஸ்பனர். ஆகவே மரை மெற்றிக்காகவும் தலை விற்வேர்த்தாகவும் அமைந்த விசித்திரத் திருகாணிகள் உருவாகி, 1950களின் நடுப்பகுதிவரை மொரிஸ் குழுமத்தின் சில இயந்திரங்களிலே நீடித்தன. ஸ்பனர் பொருந்தும், மாற்றுச் சுரை பொருந்தாது! துப்பாக்கித் தொழிற்சாலையின் இலாபக் கணக்கு, எங்கோ தொலைதேசத்திலே ஒரு மெக்கானிக்கின் கைவிரலிற் காயமாக முடிந்தது.

இரண்டாம் உலக யுத்தமே இந்த முதலாளித்துவ நாடுகளுக்குப் பாடம் கற்பித்தது. ஒரே அணியில் நின்று போரிட்ட பிரித்தானிய, அமெரிக்கப் படைகளின் சுரைகள் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. பெருநட்டம் பட்ட பின்னர், 1948 நவம்பர் 18ஆம் திகதி பிரித்தானியா, அமெரிக்கா, கனடா ஆகிய மூன்றும் வாஷிங்டனிலே ஒன்றுபட்ட மரை ஒழுங்கொன்றுக்கு உடன்பட்டன. 60 பாகையே வென்றது. உலக முதலாளித்துவத்தின் தலைமை அத்திலாந்திக்கைக் கடந்துவிட்டது என்பதை இந்த 5 பாகை வேறுபாடு எவ்வளவு தெளிவாகக் கூறுகின்றது!

அதே 1948இலே மொரிஸ் மைனர் சந்தைக்கு வந்தது. அவ்வாண்டிலேயே இலங்கை சுதந்திரம் பெற்றது. பின்வந்த மைனர்களின் இயந்திரத்திலே புதிய ஒன்றுபட்ட மரை இடம்பெற்றது. ஆயினும் எரிபொருட் குழாய் இணைப்புகள் பலவற்றில் விற்வேர்த்தின் 55 பாகைக் குழாய் மரையே தொடர்ந்தது. ஆக, ஒரே வண்டியிலே இரண்டு யுகங்கள். அரை அங்குலச் சுரையின் குறுக்களவு 12.7 மில்லிமீற்றர். கால் அங்குல விற்வேர்த் திருகாணியின் தலை ஏறத்தாழ 13.3 மில்லிமீற்றர். பின்னாளிலே பரவிய மெற்றிக் ஸ்பனர்களில் ஒன்றோ 13 மில்லிமீற்றர். அது முதலாவதிலே தளர்ந்து வழுக்கும். இரண்டாவதில் நுழையவே நுழையாது. வழுக்கும் ஸ்பனர் மூலைகளைத் தின்னும். மூலையிழந்த சுரை உளியைக் கேட்கும். உளி பட்ட சுரை ஒழுகும். “கழல மறுக்கும் சுரை” என்று நாம் பழிப்பது, மூன்று அளவுமுறைகளுக்கிடையே அகப்பட்ட சுரையையே.

இலங்கையைப் பொறுத்தவரையில் இக்கதைக்கு இன்னொரு பக்கமுண்டு. இம்மரைகளில் எதனையும் நாம் தேர்ந்தெடுக்கவில்லை. தேயிலையையும் இறப்பரையும் தெங்கையும் ஏற்றி, பொறிகளை இறக்கிய குடியேற்றப் பொருளாதாரத்திலே, எந்தக் கப்பல் வந்ததோ அந்த மரையே நம் மரையாயிற்று. 1958 ஜனவரி முதலாம் திகதி பஸ் போக்குவரத்து நாட்டுடைமையாகியது. 1961இலே இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனச் சட்டம் நிறைவேறியது. சோவியத் ஒன்றியம் முதலிய நாடுகளிலிருந்து எண்ணெய் வந்தது. பன்னாட்டு எண்ணெய்க் கம்பனிகளின் சொத்துகள் கையேற்கப்பட்டதற்குத் தண்டனையாக 1963 பெப்ரவரியிலே அமெரிக்கா தன் உதவியை நிறுத்தியது. அந்நடவடிக்கைகள் துணிவானவை, இன்றும் நினைக்கத்தக்கவை. சோவியத் உதவியோடு உருக்கு ஆலையும் டயர்த் தொழிற்சாலையும் எழுந்ததும் அக்காலத்திலேயே.

ஆயினும் ஓர் இடைவெளி எஞ்சியது. எண்ணெய் நமதாயிற்று, எண்ணெயை வடிக்கும் வடிகட்டி நமதாகவில்லை. வண்டியின் நுண்ணிய பாகங்களுக்கு நாம் தொடர்ந்தும் கப்பலையே பார்த்திருந்தோம். 1960களின் தொடக்கத்திலே அந்நியச் செலாவணி வற்றி, கார் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது, நாட்டிலே ஏற்கெனவே ஓடிய மொரிஸும் ஒஸ்ரினும் ஓடியே தீர வேண்டியவையாயின. அவற்றை ஓடச் செய்தவர்கள் யார்? எந்த அரசாங்க அறிக்கையிலும் பெயர் வராத கராஜ் தொழிலாளிகள். பித்தளைத் துண்டொன்றைக் கடைசல் இயந்திரத்திலே பிடித்து, பழைய சுரையை அளவுக்கு வைத்து, புதிய சுரை கடைந்தவர்கள் அவர்களே.

அவர்களின் திறமை மிகக் கடுமையாகச் சோதிக்கப்பட்ட காலம் 1990 ஜூன் மாதத்தின் பின் வந்தது. யுத்தம் மீண்டும் மூண்டதும் யாழ்ப்பாணக் குடாநாட்டின்மீது பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டது. பெற்றோல் இல்லை, டீசல் இல்லை, மின்சாரம் இல்லை, பற்றரியும் உதிரிப்பாகங்களும் தடைசெய்யப்பட்டன. வீடுகளிலே போத்தல் விளக்குகள் எரிந்தன. பெரும்பாலோர் சைக்கிளை நம்பி வாழ்ந்தனர். அப்போது, கொட்டில்களிலே கோழி அடைந்த பழைய ஒஸ்ரின்களும் மொரிஸ்களும் மீண்டும் வீதிக்கு வந்தன. அவை மண்ணெண்ணெயில் ஓடின.

இதனை விந்தையாகப் பலர் பேசுவர், விளங்கிக்கொண்டோர் சிலரே. பெற்றோல் குளிரிலேயே ஆவியாகும். மண்ணெண்ணெய் ஏறத்தாழ 150 பாகை செல்சியஸிலிருந்து 300 பாகை வரையிலேதான் கொதிக்கும். எனவே குளிர்ந்த இயந்திரம் அதில் இயங்கத் தொடங்காது. அரிதாகக் கிடைத்த பெற்றோலைச் சிறு போத்தலில் வைத்து, காபுரேற்றரிலே சில துளி விட்டு, இயந்திரத்தை எழுப்பி, சூடேறிய பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். மண்ணெண்ணெய் இயந்திரத்துக்குள் முன்கூட்டியே வெடிக்கும் இயல்புடையது. ஆகவே தீப்பொறி விழும் கணத்தைப் பிற்படுத்த வேண்டும். அமுக்கம் குறைந்த பழைய பிரித்தானிய இயந்திரங்கள் இதனைத் தாங்கின. மைனரின் 948 கன சென்ரிமீற்றர் இயந்திரத்தின் ஒரு வகையிலே அமுக்க விகிதம் 7.2க்கு 1 மட்டுமே. புதிய யப்பானிய இயந்திரங்களுக்கு இப்பொறுமை இல்லை. பெற்றோலில் எழும்பி மலிவான எண்ணெயில் ஓடும் இந்த முறையை, 1949 முதல் கொவென்ரியிலே செய்யப்பட்ட பெர்குசன் உழவு இயந்திரமொன்று முறைப்படியே கொண்டிருந்தது. அங்கே பொறியியலாளர் வரைபடத்தில் வகுத்ததை, இங்கே குண்டுவீச்சின் கீழே மெக்கானிக்குகள் கையளவிலும் காதளவிலும் வகுத்தனர்.

வடிகட்டியின் அருமை அப்போதுதான் தெரிந்தது. கைகள் பல மாறி, பீப்பாயிலும் போத்தலிலும் வந்த எண்ணெயிலே துருவும் நீரும் மண்ணும் கலந்திருக்கும். புதிய காகித வடிகட்டிக்கு வழியில்லை. எறியவென்று செய்யப்பட்டது எறிய முடியாததாயிற்று. கழுவத்தக்க பழைய கம்பிவலை பொன்னாயிற்று. ஒரு வண்டி வழியிலே நின்றால் அதிலே இருந்தவர் பிரசவ வேதனைப்படும் பெண்ணாக இருக்கலாம். எறிகணை பட்ட பிள்ளையாக இருக்கலாம். அந்நேரத்திலே கழல மறுக்கும் ஒரு சுரை உயிர்ப்பிரச்சினை.

ஆனால், இவ்விடத்தில் நாம் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். “தடை நம் திறமையை வளர்த்தது” என்று பெருமை பேசுவோரும் உளர். அது பாதி உண்மை, ஆகவே அபாயமானது. எரியாத மண்ணெண்ணெய் இயந்திர எண்ணெயிலே கலந்து இயந்திரத்தை அரித்தது. அப்புகையை மக்களே சுவாசித்தனர். பட்டினியின் மத்தியிலே சமையல் செய்யும் பெண்ணின் திறமையைப் போற்றுகிறோம். அதற்காகப் பட்டினியைப் போற்றுவதில்லை. இல்லாமையிலிருந்து எழுந்த அறிவைப் போற்றுவோம். இல்லாமையைச் சுமத்தியவர்களை மறவோம்.

இதனோடு ஒரு வேடிக்கையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வடக்கே உதிரிப்பாகம் தடைசெய்யப்பட்டிருந்த அதே 1990களில், இலங்கையிலே மொரிஸ் மைனருக்கான பாகங்கள் செய்யப்பட்டு இங்கிலாந்தின் பாத் நகருக்கு அனுப்பப்பட்டன. தாம் செய்த வண்டியின் பாகங்களைத் தாமே செய்வதை ஆங்கிலேயர் நிறுத்தியிருந்தனர். முன்னாட் குடியேற்ற நாட்டின் மலிந்த உழைப்பு அதனைச் செய்தது. நம் தொழிலாளிக்கு ஆற்றல் இல்லை என்பதல்ல. அவ்வாற்றல் யாருக்கு, எந்த நிபந்தனையின்கீழ்ப் பயன்படுகின்றது என்பதே பிரச்சினை.

இது பழங்கதையும் அன்று. 2020இலே நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022இலே செலாவணி முற்றாக வற்றி, எரிபொருள் நிலையங்களின் முன்னே வடக்கும் தெற்கும் ஒரே வரிசையில் நாட்கணக்கில் நின்றன. 2025இலே இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளிலே பழைய வண்டிகளைத் தாங்கியவர்கள் மீண்டும் அதே கராஜ் தொழிலாளிகள்தாம். சிங்களத் தொழிலாளியும் தமிழ்த் தொழிலாளியும் அதே உருண்டைச் சுரையோடுதான் மல்லாடினர்.

கராஜுக்குத் திரும்புவோம். அந்த முதியவர் அவசரப்படவில்லை. சுரையிலே எண்ணெய் ஊறவிட்டு மறுநாள் வரச்சொன்னார். சூடாக்கினால் எளிதாகக் கழலுமே என்று நண்பர் கேட்டபோது, “பெற்றோல் குழாய்க்குக் கிட்ட நெருப்போ, மாஸ்ரர்?” என்று சிரித்தார். மறுநாள், எதிரெதிர்ப் பக்கங்களிலே இலேசாகத் தட்டினார். முன்னும் பின்னும் சிறிது சிறிதாக அசைத்தார். சுரையோடு குழாயும் முறுகத் தொடங்கியதும் கையை எடுத்துவிட்டார். முறுகிய குழாய் உள்ளே வெடித்திருக்கும். அதை நம்புவது பிழை என்று சொல்லி, பழுதான துண்டை வெட்டி எடுத்தார். புதிய குழாயின் வாயைக் கருவியால் விரித்தார். 55 பாகையிலே கடைந்த புதிய பித்தளைச் சுரையை முதலில் விரலாலேயே ஏற்றினார். விரலால் ஏறாத சுரையை ஸ்பனரால் ஏற்றக்கூடாது என்பது அவரது சட்டம். பம்பின் மூடிக்குரிய செப்பு வாசரை வண்டிக்கு வெகுதூரத்திலே செந்நிறமாகச் சுட்டு, இளக்கிப் பொருத்தினார். வலையைக் கழுவி உள்ளே வைத்தார். புதிய காகித வடிகட்டியையும் மாட்டினார். சாவியைத் திருப்பியதும் பம்ப் சில தடவை அடித்து, அடங்கியது.

கழற்றிய உருண்டைச் சுரையை அவர் எறியவில்லை. ஒரு தகரப் பேணிக்குள் போட்டார். அதிலே அதுபோல நூற்றுக்கணக்கானவை இருந்தன.

“இதெல்லாம் ஏன் அண்ணை?”

“அளவுக்கு. நான் இல்லாமல் போனாலும் ஆரும் பாத்துக் கடையலாமெல்லே.”

ஆசிரியர்களே, மாணவர்களே! விற்வேர்த் 1841இலே செய்ததும் அதுதான். பட்டறை பட்டறையாகச் சுரை சேர்த்தார். அவருடையது நூலாயிற்று, நியமமாயிற்று. இந்தப் பேணியோ துருவேறிக்கொண்டிருக்கின்றது. மன்னர்களின் சாசனங்களைப் படியெடுக்கும் நம் வரலாற்று மாணவர்கள், ஒரு விடுமுறையிலேனும் தம் ஊரிலுள்ள கராஜுக்குச் செல்லட்டும். 1990களிலே எந்த வண்டியை எப்படி ஓட்டினீர்கள் என்று கேட்டு, அவர்கள் சொன்னபடியே எழுதட்டும். எங்கள் பாடசாலைகளின் பௌதிகவியல் வகுப்பிலே, ஒரு பம்பின் ஓசையைக் கேட்டு நோயறியும் அந்தக் காதுக்கு ஓர் இடம் கிடைக்கட்டும். அந்த அறிவுடையோர் பலர் மறைந்துவிட்டனர்; எஞ்சியோரும் முதுமையடைந்துவிட்டனர். பேணி இருக்கும்போதே அதனைத் திறந்து பார்ப்பது நம் கடமையாகும்.